மடிப்பக்காவின் மஞ்சள் கிளிப்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். காலை நீட்ட வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி வந்தால் அடக்க வேண்டாம், கதை கோபித்துக்கொள்ளாது. இன்றைக்கு ஒரு துணி கிளிப்பின் கதை. ராஜா கிடையாது, ராட்சசன் கிடையாது, காடும் மலையும் கிடையாது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள், நாளைக்குத் துணி காயப்போடும்போது ஒரு நிமிஷம் கையை நிறுத்துவார்கள். அது மட்டும் உறுதி.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் தரைக்குக் கீழே சலவைக்கூடம். மேலே ஐந்து மாடியில் யார் பிறந்தாலும், யாருக்கு எலும்பு முறிந்தாலும், யார் பிழைத்து வீட்டுக்குப் போனாலும், அவர்கள் படுத்த விரிப்பு கீழே இங்கே வந்துதான் தீரவேண்டும். எந்திரங்கள் ஓயாமல் உருளும். ஈரச் சூடு முகத்தில் அடிக்கும். கூடத்தின் நடுவில் ஒரு நீண்ட மேஜை. அந்த மேஜையின் ஒரு முனை இருபத்தாறு வருஷமாக ஒருத்தியுடைய இடம்.

குள்ளமான உருவம், சின்னக் கைகள், தடித்த கண்ணாடி. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். வயது நாற்பத்தெட்டு. வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் இன்றைக்கும் அவள் 'பாப்பா'. சலவைக்கூடத்திலோ அவள் 'மடிப்பக்கா'. அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் போல் துணி மடிக்க ஆள் கிடையாது. பிரசவ வார்டுத் துண்டுக்கென்று அவளாகவே கண்டுபிடித்த மடிப்பு ஒன்று உண்டு. மூன்று மூலை உள்ளே போய்விடும், நாலாவது மூலை மட்டும் வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கப்போகிற நர்ஸ் அந்த நாக்கைப் பிடித்து ஓர் உதறு உதறினால் போதும், துண்டு முழுக்க விரிந்துவிடும். "மடிப்பக்கா மடிச்சது இருக்கா? அதையே குடுங்க" என்று மேலேயிருந்து கேட்டு வாங்கிப்போவார்கள்.

கை விஷயத்தில் எல்லாம் சரி. வார்த்தை விஷயத்தில்தான் ஒரு சிக்கல். "அதுவா, இதுவா?" என்று யாராவது கேட்டால், அவளுக்குள் முதல் வார்த்தை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் வார்த்தை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தவரைத்தானே உபசரிக்க முடியும்? அதனால் கடைசியாகக் காதில் விழுந்ததையே அவள் திருப்பிச் சொல்வாள்.

"டீயா, காப்பியா?"

"காப்பி."

"காப்பியா, டீயா?"

"டீ."

உள்ளுக்குள் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு டம்ளர் பால்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ரகசியத்தைச் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் அழுக்கும் ஈரமும் போய் உலர்ந்த துணிகள் தள்ளுவண்டிகளில் வந்து நிற்கும். குழந்தைகள் வார்டு வண்டி, பிரசவ வார்டு வண்டி, பொது வார்டு வண்டி, ஆபரேஷன் வண்டி. இருப்பதிலேயே பளுவானது ஆபரேஷன் வண்டி. ஒவ்வொரு துணியையும் விளக்கில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கி, அளவு பிசகாமல் மடிக்கவேண்டும். "குழந்தைங்க வண்டி வேணுமா, ஆபரேஷன் வண்டி வேணுமா?" என்று வாயில் தேன் ஒழுகக் கேட்பார்கள். "ஆபரேஷன் வண்டி" என்பாள் அவள். "பாத்தீங்களா, அவளே ஆசைப்பட்டு வாங்கறா!" என்று சிரிப்பார்கள். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது.

அங்கே சூப்பர்வைசர் அம்மா ஒருத்தி இருந்தாள். ஆள் வாட்டசாட்டம். அவள் குரல் எழுந்தால் எந்திரச் சத்தம் ஒதுங்கி வழிவிடும். அவள் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் பார்த்தாள். எட்டாம் நாள் ஒரு டப்பா நிறையக் கலர் கலரான துணி கிளிப்புகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள்.

"இனிமே இங்க எது வேணும்னு வாயால கேக்கற வேலை கிடையாது. ஆளுக்கு ஒரு கலர் எடுத்துக்குங்க. காலைல வந்ததும் எந்த வண்டி வேணுமோ அதுல உங்க கிளிப்பை மாட்டுங்க. மாட்டினா அது உங்க வண்டி. அடுத்தவங்க கிளிப்பைக் கழட்டினா, அன்னைக்கு முழுக்க ஆபரேஷன் வண்டிதான்."

"எல்லாருக்குமா?" என்று ஒருவன் இழுத்தான்.

"எல்லாருக்கும்தான். எனக்கும்தான். அவளுக்கு மட்டும் வெச்சா, பாவம் பாத்தேன்னு சொல்லுவீங்க. அதான் எல்லாருக்கும்."

நம் மடிப்பக்கா டப்பாவில் இருந்து மஞ்சளை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கிளிப்புக்கு வாய் கிடையாதே, அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். பிறகு மெல்ல நடந்துபோய்ப் பிரசவ வார்டு வண்டியின் விளிம்பில் மாட்டினாள். அன்றிலிருந்து இன்றுவரை, பெரிய டாக்டரே இறங்கி வந்தாலும் மஞ்சள் கிளிப் மாட்டிய வண்டியை யாரும் தொடுவதில்லை.

இந்த வேலை அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவளுடைய அம்மா ஒரு பச்சை ஃபைல் வைத்திருந்தாள். அதில் இரண்டே காகிதம். ஒன்று, ஆறு வயதில் வந்தது. "இந்தப் பிள்ளைக்கு இங்க சரிப்படாதும்மா" என்று பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்தினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு என்று சட்டம் சொல்லும் பக்கத்தை அம்மா எங்கேயோ தேடிப் பிடித்து, மறுநாள் அதே கதவைத் தட்டினாள். இடம் கிடைத்தது, அந்தச் சேர்க்கைச் சீட்டுதான் முதல் காகிதம். ஒரு டீச்சரும் கிடைத்தாள். கேள்வி கேட்டுவிட்டு விரலை மடக்கிப் பத்துவரை மனசுக்குள் எண்ணிக் காத்திருக்கும் டீச்சர். இரண்டாவது காகிதம், இருபத்திரண்டு வயதில் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு இத்தனை வேலை என்று ஒதுக்கவேண்டும் என்ற விதியின்படி ஆஸ்பத்திரி கொடுத்த நியமன உத்தரவு.

அம்மா அந்த ஃபைலைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் ஒன்று சொல்வாள். "இதெல்லாம் நமக்கு முன்னாடி பிள்ளையைப் பெத்தவங்க யாரோ தெருவுல நின்னு கத்தி வாங்கிக் குடுத்தது பாப்பா. அவங்க பேருகூட நமக்குத் தெரியாது. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கட்டும்" என்று அவளும் சொல்வாள். அது மட்டும் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொன்னது இல்லை. மனசாரச் சொன்னது.

நாலு மாதத்துக்கு முன்னால் அம்மா போய்ச்சேர்ந்தாள்.

அண்ணனும் அக்காவும் வந்தார்கள். அண்ணன் வேறு ஊரில் எலக்ட்ரீஷியன். அக்கா இன்னொரு ஊரில் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. இருவருமே தங்கமானவர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். தங்கச்சி தனக்குப் பாரம் என்று இருவரில் ஒருவரும் நினைக்கவில்லை. அவர்களுடைய சண்டையே யார் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான்.

"பாப்பா என்கூடத்தான் வருவா. கடைசியா அம்மா என் கையைத்தான் புடிச்சாங்க" என்றான் அண்ணன்.

"உன் கையை எங்க புடிச்சாங்க? நர்ஸ் ஊசியோட வந்தாங்க, பயத்துல கைக்குக் கிடைச்சதைப் புடிச்சாங்க" என்றாள் அக்கா.

"சரி, அவகிட்டயே கேப்போம். பாப்பா, அக்கா வீட்டுக்குப் போறியா, அண்ணன் வீட்டுக்கு வர்றியா?"

"அண்ணன் வீட்டுக்கு."

"இது கள்ளாட்டம்! இங்க பாருடா செல்லம், அண்ணன் வீடா, அக்கா வீடா?"

"அக்கா வீடு."

"நீ கேட்டா உன் பக்கம், நான் கேட்டா என் பக்கம். இவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்க்கா. ரெண்டு பேருமே நல்லா பாத்துக்குவோம்னு அவளுக்குத் தெரியும்" என்று சொல்லி அண்ணன் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். பிறகு ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முடிவானது. சட்டப்படி இருக்கட்டும் என்று, அவளுக்குக் காப்பாளராகத் தன்னை நியமிக்கும்படி அண்ணன் மனுவும் கொடுத்துவிட்டான். காப்பாளர் என்றால், அவள் எங்கே இருக்கவேண்டும், வேலைக்குப் போகலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் இனி அண்ணன் கையெழுத்துதான் அவள் கையெழுத்து. இரண்டு ஊரிலிருந்தும் ஆஸ்பத்திரி வெகு தூரம். வேலையை விடவேண்டியதுதான். "போதும் பாப்பா, எவ்வளவு நாள் மடிப்ப? ரெஸ்ட் எடு" என்றாள் அக்கா, அன்பாக.

அவளுக்கு எல்லாம் ஒன்று இல்லை.

அவளுக்கு வேண்டியது அம்மாவோடு இருந்த இந்த வீடு. சுவர் ஓரத்துக் கட்டில். காலையில் தெருமுனை வரை எண்ணூற்றுச் சொச்சம் அடி, அங்கே வந்து நிற்கும் பஸ், "என்னக்கா, இன்னைக்கு முந்திக்கிட்டீங்க" என்று சிரிக்கும் டிரைவர். மேஜையின் முனை. சாயங்காலம் திரும்பும்போது ரொட்டிக்கடைச் சூடு. இதெல்லாம் அவள் நெஞ்சில் மடித்து அடுக்கிய துணிபோல் சுத்தமாக இருந்தது. ஆனால் அண்ணன் வீடு என்றார்கள், அக்கா வீடு என்றார்கள். இந்த வீடு என்று ஒருவரும் கேட்கவே இல்லை. யாரும் சொல்லாத வார்த்தையை அவள் எப்படித் திருப்பிச் சொல்வாள்?

மனு ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் அண்ணனும் அக்காவும் பாத்திரங்களைப் பெட்டியில் கட்டத் தொடங்கினார்கள். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையைத் திறந்து மஞ்சள் கிளிப்பை எடுத்தாள். வாசற்கதவில் தபால் போடுவதற்கு ஒரு துளை, அதற்கு ஒரு தகர மூடி. அந்த மூடியின் விளிம்பில் கிளிப்பை மாட்டினாள். மாட்டிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துத் தூங்கினாள். மாட்டியாகிவிட்டது, இனி யார் தொடுவார்கள்?

அண்ணன் தொட்டான். "பாப்பா துணி கிளிப்பைக் கொண்டாந்து கதவுல வெச்சிட்டா பாரு" என்று சிரித்தபடி கழற்றிக் கொடிக் கூடையில் போட்டான்.

எழுந்து வந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது. கழற்றுவார்களா? சலவைக்கூடத்தில் எந்தப் போக்கிரியும் செய்யாததை அண்ணன் செய்துவிட்டானே! கூடையில் தேடி எடுத்து மறுபடி மாட்டினாள். ஞாயிறு காலை அக்கா ஈரத்துண்டு உலர்த்தக் கிளிப் தேடிக்கொண்டு வந்தவள், "நல்லவேளை, இங்க ஒண்ணு இருக்கு" என்று அதை எடுத்துக்கொண்டு போனாள். துண்டு காயும்வரை மடிப்பக்கா கொடிக்குக் கீழேயே காவல் நின்றாள். காய்ந்ததும் கிளிப்பை எடுத்து மூன்றாம் முறையாகக் கதவில் மாட்டினாள்.

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு கிளிப்போடு வண்டியைப் பிடித்தார்கள். பிரசவ வார்டு வண்டி தனியாக நின்றது. மடிப்பக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரம் நின்றாள்.

"என்னக்கா, கிளிப் எங்க?" என்று கேட்டாள் சூப்பர்வைசர் அம்மா. அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, அடுத்த வருஷம் ஓய்வு. வயதில் மூத்தவளாக இருந்தும், கூடத்தில் எல்லோரையும் போல அவளும் அக்கா என்றே கூப்பிட்டாள்.

"மாட்டிட்டேன்."

"எந்த வண்டில?"

"எங்க வீட்டுக் கதவுல. கழட்டறாங்க."

சூப்பர்வைசர் அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அண்ணன், அக்கா, பெட்டி, நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸ் என்று துண்டு துண்டாக வந்ததையெல்லாம் பொறுமையாகக் கோத்தாள். கோத்து முடித்ததும் ஏப்ரன் பையிலிருந்து உபரியாக வைத்திருக்கும் வெள்ளைக் கிளிப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு உங்களுக்குத் துணையா யாராவது வேணும்னா, அவங்க மேல மாட்டுங்க. வேண்டாம்னா அப்படியே வெச்சிடுங்க."

மடிப்பக்கா யோசிக்கவே இல்லை. சூப்பர்வைசர் அம்மாவின் ஏப்ரன் ஓரத்தில் அதை மாட்டிவிட்டு, பிடித்ததா என்று இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை. காப்பாளர் மனுக்களை விசாரிக்கும் உரிமை அலுவலகம். சின்ன அறை, ஒரு மேஜை, ஐந்தாறு நாற்காலிகள், சுவரில் மெதுவாக ஓடும் கடிகாரம். விசாரிக்கும் அதிகாரியம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு சிவந்து, சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன், அக்கா, நடுவில் இவள், ஓரத்தில் வெள்ளைக் கிளிப் மாட்டிய கைப்பையோடு சூப்பர்வைசர் அம்மா.

"உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று அதிகாரியம்மா நேராக இவளைப் பார்த்துக் கேட்டாள்.

"பாப்பான்னு கூப்பிடுங்க மேடம்" என்றான் அண்ணன்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

அதிகாரியம்மா காத்திருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் எண்ணினாற்போல் இந்த அம்மாவும் பத்து எண்ணுகிறாளோ என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது.

"அக்கா" என்றாள். "மடிப்பக்கா."

"சரி மடிப்பக்கா. நீங்க யார்கூட இருக்க ஆசைப்படறீங்க? அண்ணன்கூடவா, அக்காகூடவா?"

"அக்காகூட."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டாள். பிறகு புருவத்தைச் சுருக்கி, "அக்காகூடவா, அண்ணன்கூடவா?" என்றாள்.

"அண்ணன்கூட."

"பாத்தீங்களா மேடம்" என்று அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அவ குழந்தை மாதிரி. அவளுக்குன்னு ஒரு முடிவு கிடையாது. அதனாலதான் நாங்களே..."

"உங்க வீட்டுல கிடையாதுன்னு சொல்லுங்க தம்பி, எங்க கூடத்துல உண்டு" என்று எழுந்தாள் சூப்பர்வைசர் அம்மா. "இருபத்தாறு வருஷமா தினம் காலைல முடிவு எடுக்கறவங்க இவங்க. நீங்க வாயால கேக்கறீங்க. இவங்களுக்குக் கடைசி வார்த்தைதான் கைல நிக்கும். நாங்க வாயால கேக்கறதே இல்ல. மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் குடுப்பீங்களா?"

"அஞ்சு நிமிஷம் இல்ல, நாள் முழுக்க எடுத்துக்கலாம்" என்று அதிகாரியம்மா பேனாவை மூடினாள். "அவங்களுக்குப் புரியற விதத்துல அவங்களையே கேட்ட பிறகுதான் நான் கையெழுத்துப் போட முடியும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. இதுல என் தயவு ஒண்ணும் இல்ல."

சூப்பர்வைசர் அம்மா அண்ணனிடம் அவன் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்தாள். அக்காவிடம் அவள் வீட்டுச் சாவியை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மறுபடி கையை நீட்டினாள். "அம்மா வீட்டுச் சாவி?"

"அது எதுக்கு? அதைப் பத்திப் பேச்சே இல்லையே" என்றாள் அக்கா.

"அதாங்க, பேச்சே இல்ல."

மூன்றாவது சாவியும் மேஜைக்கு வந்தது. மடிப்பக்கா மூன்றையும் பார்த்தாள். கை தானாகப் பைக்குள் போனது. பையில் கிளிப் இல்லை. சூப்பர்வைசர் அம்மா தன் வெள்ளைக் கிளிப்பை நீட்டினாள்.

"வெள்ளை என்னுது இல்ல" என்று தலையை ஆட்டினாள். "என்னுது கதவுல இருக்கு."

இப்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. காலையில் கதவைப் பூட்டும்போது அவள் மூன்றாம் முறையாக மாட்டிய அந்தக் கிளிப் அவன் கண்ணில் பட்டிருந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் கை மெதுவாகப் பைக்குப் போயிற்று. மஞ்சள் கிளிப் வெளியே வந்தது.

"பாப்பா... கதவுல மாட்டினியே, அது எங்ககிட்ட சொன்னதாம்மா?"

"ஆமா. மூணு தடவை."

"நீ மறந்துபோய் வெச்சுட்டேன்னு நினைச்சேனே!"

"நான் துண்டு காயப்போட்டுட்டேனே" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மடிப்பக்கா கிளிப்பை வாங்கினாள். அண்ணன் சாவியைத் தொட்டாள், அதன்மேல் பிரியமாக விரலை ஓட்டினாள். அக்கா சாவியையும் அப்படியே. பிறகு அம்மா வீட்டுச் சாவி வளையத்தில் மஞ்சள் கிளிப்பை மாட்டினாள். 'டக்' என்ற அந்தச் சத்தம் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

அதிகாரியம்மா விடவில்லை. சாவிகளை இடம் மாற்றி வைத்தாள், கிளிப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். மறுபடி அதே சாவி. எல்லோருக்கும் டீ வரவழைத்து, இவளுக்கு மட்டும் எது வேண்டும் என்று கேட்காமல் டீ, காப்பி, பால் மூன்றையும் கொண்டுவரச் சொல்லி எதிரே வைத்தாள். இவள் பாலை எடுத்துக் குடித்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நாற்பத்தெட்டு வருஷமும் கண்ணுக்குள் ஓடியிருக்கும். பால் தீர்ந்ததும் மறுபடி சாவிகள். மறுபடி அதே சாவி.

"போதும்" என்று அதிகாரியம்மா எழுதத் தொடங்கினாள். "காப்பாளர் தேவையில்லை. அவங்க வீட்டுல அவங்க இருப்பாங்க. சமையலுக்கும் பேங்க் வேலைக்கும் உதவி செய்ய ஒரு துணையாளர் வாரத்துல நாலு நாள் வருவாங்க. அது யாருன்னும் இவங்கதான் பாத்துச் சொல்லணும். வருஷத்துக்கு ஒரு தடவை நான் வந்து, இதே மாதிரி வெச்சுக் கேப்பேன். உங்க மனசு மாறினாலும் சரிதான் மடிப்பக்கா. வயசாகி நடக்க முடியாமப் போனாலும் இப்படித்தான் கேப்போம். வயசு ஏறினா உரிமை குறையாது."

"தனியா எப்படி மேடம்? ராத்திரி காய்ச்சல் வந்தா?" அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பயத்தில்தான் கேட்டான்.

"அந்தக் கவலை உங்களுக்கு வரணும்தான். அதுக்குத்தான் நீங்க அண்ணன். கவலைப்படுங்க, போன் பண்ணுங்க, வந்து பாருங்க. முடிவை மட்டும் அவங்ககிட்ட விடுங்க."

அப்போது மடிப்பக்கா அண்ணனைப் பார்த்து, ரொம்ப நேரமாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னாள். "கழட்டினா ஆபரேஷன் வண்டி."

சூப்பர்வைசர் அம்மா சிரித்த சிரிப்பில் கடிகாரமே ஒரு விநாடி நின்றிருக்கும். அண்ணன் விழித்தான். "அப்படின்னா?"

"தண்டனை தம்பி! அடுத்தவங்க கிளிப்பைக் கழட்டினா நாள் முழுக்கப் பளு வேலை. மூணு தடவைக்கு என்னன்னு நீங்களே போட்டுக்குங்க. அதுல ஒண்ணு உங்க அக்காவோடது."

"நான் அவசரத்துக்கு எடுத்தேன்!" என்றாள் அக்கா.

"சட்டத்துல அவசரம் கிடையாது" என்று மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள் அதிகாரியம்மா.

கிளம்பும்போது மடிப்பக்கா மட்டும் நகரவில்லை. நாற்காலி முதுகில் நழுவிக் கிடந்த அதிகாரியம்மாவின் சால்வையை எடுத்தாள். உதறினாள். மூன்று மூலை உள்ளே போனது, நாலாவது வெளியே நாக்கை நீட்டியது. இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள்.

"பிறந்த குழந்தைக்கு மடிக்கிறது" என்றாள். கொஞ்சம் நின்று, தானாகவே வார்த்தையைத் தேடி எடுத்து, "நன்றிம்மா" என்றாள். அதிகாரியம்மா அந்தச் சால்வையைக் கடைசிவரை பிரிக்கவே இல்லையாம். ஜலதோஷம் கூடினாலும் பரவாயில்லை என்று அப்படியே மடியில் வைத்துக்கொண்டு மீதி வேலையைப் பார்த்தாளாம்.

அன்று சாயங்காலம் வரை அண்ணனும் அக்காவும் ஆபரேஷன் வண்டி இழுத்தார்கள். கட்டி வைத்த பெட்டி அத்தனையையும் பிரித்து, பாத்திரத்தை அதனதன் இடத்தில் அடுக்கினார்கள். எது எங்கே என்று தெரியாமல் தவிக்கும்போதெல்லாம் இவள் விரலை நீட்டுவாள், அவர்கள் வைப்பார்கள். அம்மாவின் படத்துக்குக் கீழே பச்சை ஃபைலில் மூன்றாவது காகிதம் சேர்ந்தது.

"அம்மாகூட ஒரு நாளும் உன்னைப் பால் வேணுமான்னு கேட்டதில்ல, இல்ல?" என்றாள் அக்கா மெதுவாக.

"அம்மா ஸ்கூல் குடுத்தாங்க. வேலை குடுத்தாங்க" என்றாள் இவள். அம்மாவை யாரும் குறை சொல்ல அவள் விடமாட்டாள்.

சூப்பர்வைசர் அம்மா கொடுத்தனுப்பிய பச்சைக் கிளிப்பை அண்ணனுக்கும், நீலத்தை அக்காவுக்கும் மடிப்பக்கா கொடுத்தாள். சுவரில் நாள்காட்டியைக் காட்டினாள்.

"எப்ப வர்றேன்னு நாங்க கிளிப் மாட்டணுமா?" என்று அண்ணன் கேட்டான். "சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கா?"

"எல்லாருக்கும்தான்" என்றாள் அவள்.

அண்ணன் அடுத்த ஞாயிறுப் பக்கத்தில் பச்சையை மாட்டினான். அக்கா அதே பக்கத்தைப் பிடித்து, அவன் கிளிப்பைத் தொடாமல் பக்கத்தில் நீலத்தை மாட்டினாள். அவர்கள் ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு மடிப்பக்கா வாசற்கதவை மூடினாள். தபால் மூடியில் மஞ்சள் கிளிப் நின்றது. மறுநாள் வேலைக்குப் போகும்போது மட்டும் அதை அவளே கழற்றினாள், சாயங்காலம் ரொட்டிச் சூட்டோடு வந்து அவளே மாட்டினாள். பள்ளிக்கூடத்து டீச்சர், சலவைக்கூடத்து அம்மா, ஜலதோஷக்கார அதிகாரி, இவர்களுக்கெல்லாம் முன்னால் தெருவில் நின்று கத்திய பேர் தெரியாதவர்கள், ஒவ்வொருவரையும் நினைத்துப் படுக்கும்முன் "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கதை முடிந்தது, எழுந்து கையைக் காலை உதறுங்கள். உங்கள் வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர்கள், மெதுவாக நடக்கிறவர்கள், பேசவே வராதவர்கள் யார் இருந்தாலும், அவர்களுடைய ஆசை உங்கள் கண்ணில் படட்டும். அவர்கள் மாட்டியதைக் கழற்றும்முன் உங்கள் கை ஒரு நொடி தயங்கட்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பொறுமை உங்கள் வீட்டில் தங்கட்டும். பிறந்த குழந்தை முதல் படுத்த பெரியவர் வரை எல்லோருக்கும் பிடித்த டம்ளரில் பிடித்தது நிறைந்திருக்கட்டும். உங்கள் வாசற்கதவு நல்ல செய்திக்கே திறக்கட்டும். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.